சுத்தம் செய்யப்பட்ட காடு

"பாலைவனத்துக்குப் போய் எந்தக் காட்டைப் பார்க்கப் போகிறாய்?" என்று கொழும்பிலிருந்து என் மேலதிகாரி போனில் சிங்களத்தில் கேட்டார். இந்த வேலையை என் தலையில் கட்டியவரே அவர்தான். எனக்கும் அதே சந்தேகம் இருந்தது. நான் ஹட்டன்காரி. எங்கள் ஊரில் பாதி வருடம் மழை, மீதி வருடம் பனிமூட்டம், காலில் எப்போதும் அட்டை. இருபது வருடமாக மலைத்தோட்டங்களை ஒட்டிய காடுகளில் பறவையும் தவளையும் எண்ணுவதுதான் என் பிழைப்பு. காட்டைக் கெடுக்காமல் மரம் வெட்டுகிறவர்களுக்கு ஒரு சான்றிதழ் உண்டு. வெட்டிய இடத்தில் மறுபடி வளர விட வேண்டும். நிலத்தில் ஒரு பகுதியைத் தொடாமல் மற்ற உயிர்களுக்கென்று ஒதுக்க வேண்டும். அங்கே என்னென்ன வாழ்கிறது என்று வாரந்தோறும் குறித்து வைக்க வேண்டும். இதெல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று நேரில் பார்த்து அறிக்கை எழுதுவது என் வேலை.

இந்தத் தடவை பார்க்க வேண்டியது அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், சீமைக் கருவேலத்தை வெட்டிக் கரி போடும் பதினான்கு குடும்பங்களின் நிலங்களை. கரி வெளிநாட்டுக்குப் போகிறது. அங்கே வாங்குகிற கம்பெனி, சான்றிதழ் முத்திரை இல்லாத மூட்டையைத் தொடாது. நான்கு நாள் வேலை. அங்கே அட்டைக்கடி இருக்காது என்பது ஒன்றே கிளம்பும்போது எனக்கு ஆறுதல்.

அருப்புக்கோட்டையில் இறங்கிய முதல் நாள் மாலையே தவறான பஸ்ஸில் ஏறினேன். நான் போக வேண்டியது பாளையம்பட்டிக்கு. அது ஊரின் ஓரத்திலேயே இருக்கிறது. நான் ஏறியதோ தூத்துக்குடி ரோட்டில் ஓடுகிற பஸ். கண்டக்டர் என் நூறு ரூபாய் நோட்டைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "பாளையம்பட்டியா? அது வடக்க இருக்கு. நாம தெக்க போய்க்கிட்டு இருக்கோம். பந்தல்குடியில எறங்கி எதுத்தாப்புல வார பஸ்ஸப் புடிங்க." உடனே பஸ்ஸே என்னைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. நடுவழியில் இறக்கிவிடலாமா, பந்தல்குடிவரை கூட்டிப் போவதா என்று இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். மடியில் மல்லிகைப் பூக்கூடை வைத்திருந்த ஒரு பெண் என் காதருகே வந்து, "சிலோனா நீங்க? பேச்சே காட்டிக் குடுத்துருச்சு," என்று சிரித்தாள்.

பந்தல்குடியில் லாரிகள் வரிசையாக நிற்கும் ஒரு கடையில் டீ குடித்தேன். நாங்கள் இஞ்சி தட்டிப்போட்டு, பால் இல்லாமல் குடிப்பவர்கள். பால் வேண்டாம் என்று சொன்னதும் டீ மாஸ்டர், "உடம்புக்கு முடியலையா?" என்று அக்கறையாகக் கேட்டார். கொறிக்கக் காரச்சேவு தந்தார். அதைக் கடித்ததும் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனாலும் இன்னொரு பொட்டலம் வாங்கிப் பையில் வைத்துக்கொண்டேன்.

பாளையம்பட்டி வந்து சேர இருட்டிவிட்டது. காதர் பாய் பஸ் நிறுத்தத்திலேயே ஒரு மணி நேரமாக நின்றுகொண்டிருந்தார். பதினான்கு குடும்பங்களின் கரியையும் சேகரித்து ஏற்றுமதிக்கு அனுப்புகிறவர் இவர்தான். சான்றிதழ் வாங்கலாம் என்று வீடு வீடாகப் போய்ச் சம்மதிக்க வைத்ததும் இவரே. வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். வளைகுடாவில் ஒரு பெரிய கட்டடத்தில் பதினெட்டு வருடம் துப்புரவு மேற்பார்வையாளராக இருந்து திரும்பியவர். அவர் வீட்டுத் தரையில் என் முகம் தெரிந்தது. வாசலில் செருப்புகள்கூட அளவு வாரியாக நின்றன. கரி வியாபாரம் பண்ணுகிற மனிதரின் சட்டை எப்படி இவ்வளவு வெள்ளையாக இருக்க முடியும் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அவர் வீட்டில் எண்ணெய்ப் பரோட்டாவும் சால்னாவும் போட்டார்கள். எங்கள் ஊர் ரொட்டி நன்றாக மெல்ல வைக்கும். இது பல்லுக்கு வேலையே இல்லாமல் நொறுங்கியது. நான் மூன்றோடு நிறுத்தியதில் காதர் பாயின் மனைவிக்கு வருத்தம். "மேடம், போன தடவ வந்தவுக ரிப்போட்டுல ஒரு குறை எழுதிட்டுப் போனாக," என்றார் காதர் பாய். "இந்தத் தடவ அந்தப் பேச்சுக்கே எடமில்ல. நீங்க வந்து பாருங்க." என்ன குறை என்று கேட்டேன். சிரித்தாரே தவிர சொல்லவில்லை.

இரண்டாம் நாள் காலை அவருடைய சின்ன லோடு வண்டியில் பரளச்சிப் பக்கம் கிளம்பினோம். முந்தின இரவு புரட்டாசி மழை ஒரு பாட்டம் அடித்திருந்தது. எங்கள் மலையில் மழை பெய்தால் தண்ணீர் வழிந்து ஓடிவிடும். இங்கே கரிசல் மண் மழையைக் குடித்துவிட்டு, வருகிற போகிறவர்களின் காலைப் பிடித்துக்கொள்கிறது. மண்பாதையில் திரும்பிய கொஞ்ச தூரத்திலேயே வண்டி புதைந்தது. இறங்கிய என் செருப்பு ஒவ்வொன்றிலும் ஒரு கிலோ மண். காதர் பாய் ஓரத்தில் கிடந்த கருவேலங்கிளைகளை இழுத்து வந்து சக்கரத்துக்கு அடியில் போட்டார். வண்டி ஏறிவிட்டது. கிளையிலிருந்த முள் டயருக்குள் ஏறிவிட்டது. கரையேற்றிய மரமே காற்றையும் பிடுங்கிக்கொண்டதில் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவருக்கோ சட்டையில் மண் தெறித்த கவலை.

டயர் மாற்றுகிற நேரத்தில் ஒரு ஜெராக்ஸ் கட்டை என்னிடம் கொடுத்தார். ஒதுக்கி வைத்த நிலத்தில் பார்த்ததை எல்லாம் எழுதும் நோட்டின் பிரதி. அந்த நான்கு ஏக்கர், பரளச்சியில் விவசாயம் பார்க்கும் வேலுத்தாய் என்ற பெண்ணுக்குச் சொந்தம். மூன்று வருடமாக அவரேதான் நோட்டையும் எழுதி வருகிறார். கருவேலங்கிளை நிழலில் குந்தி உட்கார்ந்து வாசித்தேன். "காலையில் தூறல். குடைவேல மரத்தில் பனங்காடை இரண்டு. பட்ட மரப் பொந்தில் மரங்கொத்தி வந்து போகிறது. சூரைப் புதருக்குள் கௌதாரி கத்தியது. பார்க்கவில்லை. அதனால் எண்ணவில்லை."

கடைசி வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். பட்டப்படிப்பு முடித்து என்னிடம் வேலைக்கு வருகிறவர்களுக்கு இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுக்கத்தான் என் தொண்டை வறண்டுபோகும். சத்தம் கேட்டாலே எண்ணிக்கையில் சேர்த்துவிடுவார்கள். இந்தப் பெண்ணை உடனே பார்க்க வேண்டும், அந்த இடத்தையும் பார்க்க வேண்டும் என்றேன்.

"நாளைக்குக் கூட்டிட்டுப் போறேன் மேடம். இன்னைக்கு அங்கன வேல நடக்குது," என்றார் காதர் பாய். பிறந்தநாள் பரிசை முதுகுக்குப் பின்னால் மறைத்து வைத்திருப்பவரின் முகம் அவருக்கு.

என்னைக் கரி போடும் இடத்தில் இறக்கிவிட்டு அவர் போய்விட்டார். அன்று முழுவதும் கரிமூட்டம் பார்த்தேன். வெட்டிய விறகைக் கூம்பாக அடுக்கி, வைக்கோலும் ஈர மண்ணும் போட்டு மூடி, உள்ளே நெருப்பு வைக்கிறார்கள். பல நாள் புகைந்து விறகு கரியாகிறது. புகையின் நிறத்தை வைத்தே உள்ளே என்ன நிலவரம் என்று சொல்கிறார்கள். வேலை செய்தவர்கள் கம்பங்கூழும் வெங்காயமும் கொடுத்தார்கள். ஒருவர் கேட்டார்: "சான்றிதழ் போச்சுன்னா எங்க கரிய யாரு எடுப்பா? பழையபடி உள்ளூர் கடைகளுக்கு அலைய வேண்டியதுதானா?" அதற்கு அவசியம் வராது என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். அந்த நோட்டை வாசித்த தைரியம். தூரத்தில் எங்கோ ஜேசிபி உறுமுகிற சத்தம் சாயங்காலம்வரை கேட்டுக்கொண்டே இருந்தது. ரோடு போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் காலை அந்த நான்கு ஏக்கரின் முன்னால் நின்றேன். எல்லையில் தோரணம் கட்டியிருந்தார்கள். பதினான்கு குடும்பத்திலிருந்தும் ஆள் வந்திருந்தார்கள். குளித்து, வெளுத்த வேட்டி கட்டி, வரிசையாக நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால், கூட்டிப் பெருக்கிய கோயில் பொட்டல் மாதிரி ஒரு வெறும் நிலம். புதர் இல்லை. பட்ட மரம் இல்லை. காய்ந்த இலை ஒன்றுகூட இல்லை. மிஞ்சி நின்ற எட்டுப் பத்து குடைவேல மரங்களுக்கும் இடுப்புயரத்துக்கு வெள்ளையும் காவியும் பட்டை அடித்திருந்தார்கள். நடுவிலிருந்த பாம்புப் புற்றை மட்டும் பயபக்தியோடு விட்டுவைத்து, மஞ்சள் குங்குமம் வைத்திருந்தார்கள்.

"எப்படி மேடம்?" என்றார் காதர் பாய். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

எனக்குக் கோபம்தான் வந்தது. "புதர் எங்கே? பட்ட மரம் எங்கே? யார் இதைச் செய்யச் சொன்னது?" என்று எல்லோர் முன்னாலும் கத்திவிட்டேன். காதர் பாய் சட்டைப்பையிலிருந்து மடித்து வைத்த ஒரு தாளை எடுத்துக் காட்டினார். போன தடவை வந்தவரின் அறிக்கை. அதில் ஒரு வரிக்குக் கீழே பேனாவால் கோடு போட்டிருந்தார்: ஒதுக்கு நிலத்தில் கிடக்கும் குப்பையை அகற்ற வேண்டும். நாலு பிளாஸ்டிக் பையைப் பார்த்துவிட்டு எங்கள் ஆள் எழுதிப் போன வரி அது. இவர்கள் முள், புதர், சருகு, செத்த மரம் எல்லாவற்றையும் குப்பை என்று வாரி எறிந்துவிட்டார்கள்.

"பெரிய ஆளுக வாராக. காடு கரம்பையாக் கெடந்தா நம்மளப் பத்தி என்ன நெனப்பாக?" என்று கூட்டத்தில் ஒருவர் மெல்லக் கேட்டார். விருந்தாளி வருகிறார் என்றால் வீட்டை மெழுகி வெள்ளையடிக்கிற ஜனங்கள். எனக்காக ஒரு காட்டையே மெழுகியிருக்கிறார்கள். நான் வராமல் இருந்திருந்தால் அந்தக் காடு அங்கேயே இருந்திருக்கும் என்று நினைத்தபோது கோபமெல்லாம் வடிந்துவிட்டது.

விஷயத்தை எடுத்துச் சொன்னேன். செத்த மரம்தான் மரங்கொத்திக்கு வீடு. முள் புதர்தான் கௌதாரிக்குக் கோட்டை. ஒதுக்கு நிலத்தை அழித்தது பெரிய குறை, எழுதினால் சான்றிதழே போகலாம். காதர் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, வெள்ளையடித்த ஒரு மரத்தடிக்குக் கொண்டுபோனார்.

"மேடம், தப்பு என்னுது. இவுகள்ளாம் என் பேச்சக் கேட்டு வந்தவுக. என் போன்ல பழைய போட்டோ நெறைய இருக்கு. புதரு, பறவ எல்லாம் இருக்கு. அத வச்சு எழுதிருங்களேன். நீங்க பாத்தது நீங்க மட்டுந்தான பாத்தீக?"

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஆசை வந்தது. அவர் ஏமாற்றுக்காரர் இல்லை. கூழ் கொடுத்தவர்களின் முகங்கள் எதிரில் நின்றன. கொழும்பில் இருக்கிறவர்கள் பரளச்சிக்கு வந்து பார்க்கப் போவதில்லை. யோசித்துச் சொல்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அப்படிச் சொன்னதே பாதிச் சம்மதம் என்று எனக்குத் தெரியும்.

வேலுத்தாய் கூட்டத்தின் கடைசியில் நின்றிருந்தார். நாற்பது வயதுக்காரி, ஒல்லி. மற்றவர்களைப்போல அவர் உடுத்தி வரவில்லை. கைகள் இரண்டிலும் முள் கிழித்த கோடுகள். நான் பக்கத்தில் போனதும் இடுப்பிலிருந்து நோட்டை எடுத்தார். "நேத்து எழுதுனது அக்கா. ஜெராக்ஸுல இருந்துருக்காது," என்று நீட்டினார்.

"காலை ஏழு மணி. ஜேசிபி வந்தது. உடும்பு ஒன்று, வடக்கே ஓடியது. கீரி ஒன்று, குட்டி இரண்டு, கிழக்கே போனது. கட்டம் போட்ட ஆமை இரண்டு, கூடையில் எடுத்துக் கண்மாய்க்கரையில் விட்டேன். அரணை நிறைய, எண்ண முடியவில்லை. பொந்து மரம் விழுந்தது, உள்ளே ஒன்றுமில்லை. கௌதாரிக் கூடு ஒன்று. முட்டை ஐந்து. உடைந்தது. தாய் பத்தடி தூரத்தில் நின்றது. மாலை ஐந்து மணி. வேலை முடிந்தது. பார்த்தது எதுவும் இல்லை."

கீழே கையெழுத்து. தேதி.

"தடுக்கலையா?" என்றேன்.

"வேணாம்னு ஒருக்கா சொன்னேன். வாரவுக மொகஞ்சுளிக்கிற மாதிரி வச்சிருக்கலாமான்னு கேட்டாக. எனக்கும் வெக்கமாத்தான் இருந்துச்சு. எங்க நெலத்தப் பாத்து நீங்க எதாவது சொல்லிட்டா?" பெருக்கிய நிலத்தைக் கையால் காட்டினார். "வண்டி உள்ள எறங்குன பெறகு நிறுத்த முடியல. பாக்குறத எழுதுன்னு சொல்லியிருந்தாக. எழுதிட்டேன்."

இருபது வருடத்தில் எத்தனையோ நோட்டுகளை வாசித்திருக்கிறேன். தன் நிலத்திலிருந்து தன் கண் முன்னால் ஒவ்வொன்றாகப் போவதை, ஒன்று விடாமல், கூட்டாமல் குறைக்காமல் எழுதிய பக்கத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. பழைய போட்டோவை வைத்து அறிக்கை எழுதலாம் என்று நினைத்ததற்காக அந்த இடத்திலேயே வெட்கப்பட்டேன். நோட்டைக் கொண்டுபோய்க் காதர் பாயிடம் கொடுத்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி வாசிக்கச் சொன்னேன்.

உரக்கத்தான் ஆரம்பித்தார். ஆமையில் குரல் இறங்கியது. முட்டைக்கு வந்ததும் நின்றுவிட்டார். "நான் அங்கனதான் நின்னேன்," என்றார் கடைசியில். "ஒங்கள எறக்கிவிட்டதுல இருந்து சாயங்காலம் வரைக்கும் நின்னேன். நான் ஒண்ணையும் பாக்கலையே."

நான் என்ன எழுதப்போகிறேன் என்பதை அங்கேயே சொன்னேன். நடந்ததை நடந்தபடி. பெரிய குறை என்றுதான் எழுதுவேன். சரிசெய்ய ஆறு மாதம் அவகாசம் கேட்பேன். அதுவரை புதிய மூட்டைகளில் முத்திரை குத்த முடியாது. ஆறு மாதம் கழித்து வேறொருவர் வந்து, புதர் மறுபடி முளைக்கத் தொடங்கியிருக்கிறதா என்று பார்ப்பார். தொடங்கியிருந்தால் சான்றிதழ் நிலைக்கும். மறைக்காமல் எழுதிய இந்த ஒரு பக்கத்தை நம்பித்தான் அவகாசமே கேட்கிறேன் என்றேன். காதர் பாய் வாக்குவாதம் செய்யவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு ஜெராக்ஸ் கடைக்கு அவரே போனார்.

"ஆறு மாசத்துல என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். ஒன்றும் செய்யக்கூடாது என்றேன். அதுதான் அவர்களுக்குப் புரியவே இல்லை. தண்ணீர் ஊற்றவா, கன்று நடவா, வேலி போடவா என்று மாறி மாறிக் கேட்டார்கள். சும்மா இருங்கள் என்று நான் சொல்லச் சொல்ல, அவ்வளவு பெரிய வேலையை யாரால் செய்ய முடியும் என்பது போல ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று மத்தியானச் சாப்பாட்டில் பருப்புக்குழம்பும் அப்பளமும் இருந்தன. ருசி எதுவும் எனக்கு நினைவில்லை.

நான்காம் நாள் காலை, கிளம்புவதற்கு முன்னால், வாரிய முள்ளையெல்லாம் எங்கே கொட்டினீர்கள் என்று கேட்டேன். பாதையைத் தாண்டி எதிர்ப்பக்கம் காதர் பாயின் சொந்த மனை. முத்திரைக் கரியை மற்ற கரியோடு கலக்காமல் தனியாக அடுக்க அங்கே குடோன் கட்டப்போகிறார். செங்கல் இறக்கி, கயிறு கட்டி, கடைக்கால் தோண்டக் குறி போட்டிருந்தது. அதன் நடு மத்தியில் சூரையும் கருவேலமும் பட்ட மரங்களுமாக, ஆள் உயரத்துக்கு முள் அம்பாரம். "இத நாளைக்குக் கொளுத்திட்டு வேலைய ஆரம்பிக்கணும்," என்றார் காதர் பாய்.

கூடவே வந்திருந்த வேலுத்தாய் சட்டென்று கையை நீட்டி எங்களை நிறுத்தினார். சத்தம் போடாமல் குந்தி உட்கார்ந்தோம். கொஞ்ச நேரத்தில் முள்ளுக்கு அடியிலிருந்து ஒரு கௌதாரி தலையை நீட்டியது. இரண்டு பக்கமும் பார்த்தது. மண்ணைக் கிளறி எதையோ கொத்திக்கொண்டு மறுபடி உள்ளே போய்விட்டது. அம்பாரத்தின் மறுகோடியில் ஏதோ சரசரத்தது. கீரியாக இருக்கலாம், ஆனால் நாங்கள் பார்க்கவில்லை. வேலுத்தாய் நோட்டைத் திறந்து கௌதாரியை மட்டும் எழுதினார்.

"அந்தத் தாய்தானா?" என்று காதர் பாய் கிசுகிசுத்தார்.

"தெரியாதுண்ணே. கௌதாரின்னு மட்டுந்தான் எழுதியிருக்கேன்."

"எப்பத் திரும்பி அந்தப் பக்கம் போகும் மேடம்?"

எதிரில் புதர் மறுபடி தழைக்க வேண்டும், ஒரு வருடம் ஆகலாம், இரண்டும் ஆகலாம், அதுவரை இந்த முள்ளைத் தொடாமல் விட வேண்டும் என்றேன். அவர் குடோன் கயிற்றைப் பார்த்தார். செங்கல்லைப் பார்த்தார். கரி மூட்டைகளைப் பாளையம்பட்டி வீட்டில், முகம் தெரிகிற அந்தத் தரைமேல்தான் அடுக்க வேண்டிவரும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பிறகு எழுந்து நாலு அடி தள்ளிப்போய்க் கொத்தனாருக்குப் போன் போட்டார்.

"ஏலே, நாளைக்கு வர வேணாம். குடோன் வேல இப்பதைக்கு இல்ல... எடத்துல ஆளு இருக்காக... யாரா? ஒனக்குத் தெரியாதவுக... காலி பண்ணச் சொல்லவா? எப்படிலே சொல்லுவேன், அவுக வீட்ட இடிச்சதே நாமதான."